அரிசி மூட்டையும் பின்சில்லும்

புல்வெட்டியில் பந்தயம் ஓடுகிறவன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்ததாக, “மனிசி எங்க இருக்கிறா?” என்று கேட்பார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மனைவி கனடாவில் மகளோடு இருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்தபோது பார்க்கப் போனாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாளும் வாட்ஸப்பில் இன்றைக்கு என்ன சமையல் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். நான் பெரும்பாலும் பொய்தான் சொல்கிறேன். மீன்குழம்பு வைத்தேன் என்று சொல்லிவிட்டு, பேக்கரிப் பாணும் முட்டையும் சாப்பிடுவேன்.

பந்தயம் என்றதும் கையால் தள்ளும் புல்வெட்டியை நினைத்துச் சிரிக்க வேண்டாம். இது ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. பெரிய தோட்டம் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் கோடையில் ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவார்களே, அது. வெட்டும் கத்திகளைக் கழற்றி வீசிவிட்டு, வண்டியின் உடம்பைத் தரையோடு தாழ்த்தி, வேகத்தைக் கூட்டி, பண்ணை வைத்திருக்கும் ஏதாவதொரு கமக்காரனின் வயலில் வட்டமாக ஓடுவார்கள். புழுதி, இரைச்சல், பெட்ரோல் மணம், கடைசியில் ஒரு தகரக் கோப்பை. நாங்கள் ஓடிய பிரிவில் எஞ்சினில் கைவைக்க விடமாட்டார்கள். ஆகவே போட்டி முழுவதும் எஞ்சினுக்கும் பின்சில்லுக்கும், அதாவது பின் சக்கரத்துக்கும், இடையில்தான். எஞ்சினின் பலத்தை எப்படிச் சில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் மனிதர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் அதற்கென்றே பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் உழவு இயந்திரங்கள் திருத்தும் பட்டறை ஒன்றில் கியர்பொக்ஸ் பிரித்துப் பூட்டியவன் நான். பிள்ளைகள் இங்கிலீசில் படிக்க வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றபடியால் லண்டனில் மிச்சம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

இந்தப் பைத்தியத்தைத் தொடக்கி வைத்தவர் அண்ணை. உடன்பிறந்தவர் இல்லை. லண்டன் நோர்பரியில் கடை வைத்திருந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். சாமான் ஏற்றும் அவருடைய வானை, அதாவது வேனை, நான் திருத்திக் கொடுப்பேன். ஒருநாள் ஒரு பழைய பெரிய பிரிட்ஜை வாங்கி ஏற்றுவதற்காக இருவரும் சசெக்ஸ் பக்கம் போனோம். வழியில் ஒரு வயலில் கூட்டம். அண்ணை வானை ஓரங்கட்டச் சொன்னார்.

“ஐசே, இஞ்ச பாரும். புல்லு வெட்டிற மெசின் பறக்குது.”

“விசர் வெள்ளையள்” என்றேன் நான்.

“எங்களுக்கும் ஏலும்” என்றார் அவர்.

பிரிட்ஜை மறந்தே போனோம். வீட்டுக்குப் போனதும் அண்ணையின் மனைவி என்ன சொன்னார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

முதலில் எங்களுக்குக் கிடைத்த வண்டியில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் கியர்பொக்ஸ் இருந்தது. கியர் மாற்றத் தேவையில்லை, மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். தோட்டம் வைத்திருப்பவனுக்கு அது சொர்க்கம். பந்தயத்தில் அது பாதிப் பலத்தை எண்ணெயைச் சூடாக்குவதிலேயே செலவழித்துவிடும். மூன்றாவது சுற்றில் வண்டிக்கு மூச்சு வாங்கும். எங்களை எல்லோரும் கடந்து போனார்கள். ஒரு கிழவி, எண்பது வயது இருக்கும், கையை ஆட்டிவிட்டுக் கடந்து போனார். அண்ணை அவருக்குத் திருப்பிக் கை ஆட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே அந்தக் கியர்பொக்ஸைக் கழற்றிவிட்டேன்.

இரண்டாவதாக ஐந்து கியர் உள்ள பழைய பெட்டி ஒன்றைப் பூட்டினேன். பெல்ட் ஓடும் புல்லிகளில் எஞ்சின் பக்கத்தைப் பெரிதாக்கினேன், கியர் பக்கத்தைச் சிறிதாக்கினேன். வேகம் இரண்டு மடங்கு ஆனது. ஆனால் அந்தப் பெட்டி நடைவேகத்துக்காகச் செய்யப்பட்டது. உள்ளே இருந்த கிரீஸ் உருகி வழிந்தது. அதை வழித்தெடுத்துவிட்டு, கசியாமல் தடுக்கும் வளையங்களை மாற்றி, தடித்த எண்ணெய் ஊற்றினேன். அடுத்த வியாதி வளைவில் வந்தது. வளைவில் உள்பக்கச் சில்லு தரையைவிட்டு எழும். பலம் முழுவதும் அந்த அந்தரத்தில் நிற்கும் சில்லுக்கே போகும். அது வெறுமனே சுற்றும், வண்டி நிற்கும். இரண்டு பின்சில்லுகளும் சேர்ந்தே சுற்றும்படி உள்ளே வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மேட்டில் விழுந்தபோது, வறுத்த கடலையைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். திறந்து பார்த்தால் எண்ணெய்க்குள் பற்கள் மிதந்தன.

“ஆருடைய பல்லு ஐசே?” என்று அண்ணை எட்டிப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவதுதான் சரிவந்தது. இந்த வண்டிகளில் எஞ்சினின் அச்சு நிலத்தை நோக்கி நிற்கும், சில்லின் அச்சு படுத்துக்கிடக்கும். நிற்பதைப் படுப்பதாகத் திருப்புவதற்கு மட்டும் கைக்கடக்கமான ஒரு சின்னக் கியர்பொக்ஸ் உண்டு. அதைப் பூட்டினேன். அதிலிருந்து ஒரு செயின் பின்னால் போகும். பின்னால் ஒரே துண்டான அச்சு, அதில் செயின் மாட்டும் ஒரு பற்சில்லு. அவ்வளவுதான். மாற்றுவதற்குக் கியரே கிடையாது. பந்தயம் முழுவதும் அந்த ஒரு பற்சில்லை நம்பித்தான் ஓட வேண்டும். பெரிய பற்சில்லு போட்டால் இழுவை கூடும், வேகம் குறையும். சின்னதைப் போட்டால் வேகம் கூடும். ஆனால் ஏறியிருப்பவன் பாரமானவன் என்றால் வண்டி முக்கும், பெல்ட் வழுக்கிப் புகையும். ஆகவே வயலைப் பார்க்க வேண்டும், டயரைப் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுகிற ஆளைப் பார்க்க வேண்டும். இது தையற்காரன் அளவெடுக்கிற மாதிரியான வேலை. எனக்கு அது சுலபமாக இருந்தது. அண்ணைக்கும் எனக்கும் ஒரே உயரம், ஒரே பாரம். ஓட்டுவதற்கான தடித்த மேலுடுப்பைக்கூட ஒரே அளவில் இரண்டு வாங்கினோம். அவர் ஓட்டுவார். அவருக்குப் பதிலாக நான் ஏறிச் சோதித்துப் பார்ப்பேன். எனக்குச் சரியாக இருந்தால் அவருக்கும் சரி.

வாரத்தில் ஆறு நாட்கள் நான் யாருடனும் பேசாமல் இருக்கப் பழகியிருந்தேன். முதுகு கெட்டுப்போய் இங்கே பார்த்துவந்த கராஜ் வேலையை விட்டபிறகு, காலையில் எழும்பி ட்ராம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் இருப்பேன். வீட்டில் மூன்று அறைகள். இரண்டின் கதவுகளைத் திறப்பதேயில்லை, சூடாக்குகிற செலவு கட்டுப்படியாகாது. கடைக்குப் போனால் காசாளர் பெட்டை “பாக் வேணுமோ அங்கிள்?” என்று கேட்கும். அன்றைக்கு முழுவதும் யாரும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த கராஜின் தகரக் கதவை அண்ணை தட்டும் சத்தத்துக்காக நான் விடியமுதலே சேட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பேன். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வந்ததும், “என்ன பிந்திட்டியள்?” என்று எரிந்து விழுவேன்.

வந்ததும் அடுத்ததாகச் சொல்வது, “மெலிஞ்சு போனியள் அண்ணை.” அவர் உடனே, “நீர்தான் மெலிஞ்சு போனீர்” என்பார். இதை எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வோம். கல்யாண வீட்டில் சொல்வோம், கோயில் வாசலில் சொல்வோம், பத்து நாள் காணாமல் கண்டால் சொல்வோம். வெள்ளைக்காரன் வெயில் மழையைப் பற்றிச் சொல்வதுபோல நாங்கள் இதைச் சொல்கிறோம். தொந்தி விழுந்து காரை விட்டு இறங்க முடியாமல் இறங்குகிறவனைப் பார்த்தும், என்ன மெலிஞ்சு போனாய் என்று கேட்பதுதான் எங்களுக்கு மரியாதை. அந்தச் சொல்லை நாங்கள் அப்படித் தேய்த்து வைத்திருந்தோம். பந்தயம் இல்லாத அந்த மாரிக் குளிர்காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைச் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் அது உண்மையாகிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் இடுப்பில் கட்டும் தோல்வாரைக் கழற்றித் தந்து, “உம்மட ட்ரில்லால இதில ஒரு ஓட்டை போட்டுத் தாரும்” என்றார். செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கதைத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருடத்தின் முதல் பந்தயத்தில் வண்டி குழம்பியது. வளைவை விட்டு வெளியே வரும்போது பின்சில்லுகள் நிலத்தைக் கவ்வாமல் சுழன்றன. புல்லும் மண்ணும் பின்னால் எறிபட்டன, வண்டி முன்னுக்குப் போகவில்லை. முந்திய வருடம் அதே வயலில், அதே பற்சில்லோடு, அம்புபோல வெளியே வந்த வண்டி. கடைசியில் வந்தோம்.

“உம்மட கியர் வேலை பிழைச்சுப்போச்சு ஐசே” என்றார் அண்ணை, ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி.

என் வேலையைப் பிழை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வாரம் முழுவதும் கராஜில் கிடந்தேன். டயர்களை மாற்றினேன், காற்றைக் குறைத்தேன், கூட்டினேன். அச்சைக் கழற்றி வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். செயினைப் புதிதாகப் போட்டேன். ஞாயிறு வந்ததும் வண்டியை என் வானில் ஏற்றி, குரொய்டனுக்கு அப்பால் நாங்கள் ஓடிப் பழகும் வயலுக்குக் கொண்டுபோனோம். நான் ஏறி ஓடினேன். சில்லு கவ்வியது. ஒரு குறையும் இல்லை. அண்ணை ஏறினார். சுழன்றது. மறுபடி நான். கவ்வியது. மறுபடி அவர். சுழன்றது.

“உங்கட கால்தான் பிழை” என்றேன். “எடுத்தவுடன மிதிக்கிறியள்.”

“நான் மிதிக்கிற மாதிரித்தான் மிதிக்கிறன்.”

“அப்ப வண்டிக்கு உங்களைப் பிடிக்கேல்லை.”

அவர் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டார். மற்ற நாளென்றால் இரண்டு மடங்காகத் திருப்பித் தந்திருப்பார்.

அடுத்த ஞாயிறு என் வானுக்குள் ஓர் அரிசி மூட்டை கிடந்தது. இருபது கிலோ மூட்டை. வீட்டில் நாலு பேர் இருந்த காலத்தில் வாங்கிய பழக்கம், தனியனாகப் போனபிறகும் விடவில்லை. சின்னப் பக்கற்றாக வாங்கினால் கடைக்காரனுக்கு என் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும் என்று ஒரு வீம்பு. முதுகு நோவால் இறக்க ஏலாமல் வானிலேயே விட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. ஒருவேளை வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்ந்துவிட்டதோ? பின்னுக்குக் கொஞ்சம் பாரம் வைத்துப் பார்த்தால் என்ன? அண்ணை ஒரு பக்கம் பிடிக்க, மூட்டையை இருக்கைக்குப் பின்னால் வைத்து வார் போட்டு இறுக்கிக் கட்டினேன். அவர் ஏறி ஓட்டினார்.

முதல் வளைவிலேயே கவ்வியது. இரண்டாவதிலும் கவ்வியது. முந்திய வருடம் எப்படி ஓடியதோ அப்படியே, அச்சு அசலாக. நான் வயல் நடுவே நின்று கையைத் தட்டினேன். அவர் சுற்றி வந்து நிறுத்தியபோது, “பாத்தியளே! ஒரு மூட்டை அரிசிதான் குறை!” என்று கத்தினேன்.

கத்தி முடியுமுன் எனக்கு விளங்கிவிட்டது. முந்திய வருடம் வண்டியில் அரிசி மூட்டை இருக்கவில்லை.

அண்ணை ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்தத் தடித்த மேலுடுப்பின் கழுத்துக்குள் அவருடைய கழுத்து தனியே நின்றது. என்னுடைய உடுப்பும் அதே அளவுதான். எனக்கு அது வயிற்றில் இறுகியிருந்தது. குளிர் காலம் முழுவதும் கோட்டுக்குள்ளும் இப்போது இந்த உடுப்புக்குள்ளும் அவர் ஒளித்து வைத்திருந்த உடம்பை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒரு மூட்டை அரிசி அவரை விட்டுப் போயிருந்தது.

“கண்டுபிடிச்சிட்டீர்” என்றார்.

“என்ன அண்ணை இது?”

“வயித்துக்குள்ள. கிறிஸ்மஸுக்கு முதலே டொக்டர்மார் சொல்லிப்போட்டினம்.”

“மருந்து?”

“தருவினம். கொஞ்சம் தள்ளிப்போடலாமாம். அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்காமலே இருந்தார். “வீட்டில மனிசிக்கு மட்டும் தெரியும். பிள்ளையளுக்குச் சொன்னா சனம் முழுக்க வந்து இருந்திடும். ஹோர்லிக்ஸ் போத்திலோட வந்து, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கும். ஞாயிறு வெளிய விடாயினம் ஐசே.”

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். எத்தனை ஞாயிறுகள் என் முன்னால் நின்று, நீர்தான் மெலிஞ்சு போனீர் என்று திருப்பிச் சொன்ன மனிதர்! என்னைக் கொண்டே தோல்வாரில் ஓட்டை போடுவித்தவர்! “எனக்கும் சொல்லேல்லையே” என்றேன். குரல் உடைந்தது. அதை மறைக்கக் குனிந்து மூட்டையின் வாரைக் கழற்றத் தொடங்கினேன்.

“உமக்குச் சொன்னா நீர் ஓட விடமாட்டீர்.”

அது உண்மைதான். ஆனால் நான் பயந்தது அவருக்காக மட்டும் இல்லை. இந்த மனிதர் போய்விட்டால் என் தகரக் கதவைத் தட்ட இந்த ஊரில் ஒரு சீவனும் இல்லை. அவருடைய வீடு சனத்தால் நிறையும். அந்தக் கூட்டத்தில் எனக்கு என்ன இடம்? அவருடைய பிள்ளைகளுக்கு நான் வான் திருத்துகிற அங்கிள். அவரை எனக்குத் தெரியும் இடம் இந்தக் கராஜும் இந்த வயலும்தான். அதற்கு வெளியே எங்கள் சிநேகத்துக்குச் சாட்சி யாரும் இல்லை.

வீட்டுக்குப் போய் இரும்புத் தகடுகள் வெட்டினேன். அரிசி மூட்டையின் பாரத்துக்குச் சரியாக, இருக்கைக்குக் கீழே போல்ட் போட்டு இறுக்கக்கூடிய மாதிரி. கழற்றவும் இலகுவாகச் செய்தேன். அவர் உடம்பு தேறத் தேற ஒவ்வொரு தகடாகக் கழற்றிவிடலாம் என்பது என் கணக்கு. அதை அவரிடம் சொன்னேன். அவர் தகடுகளைக் கையால் தடவிப் பார்த்தார். வடிவாகச் செய்திருக்கிறீர் என்றார். வயலில் இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து நிறுத்தினார்.

“பாரமாக் கிடக்குது. வளைவில இழுத்துப் பிடிக்க என்ர கை தாங்குதில்லை. இதைக் கழட்டிப்போட்டுப் பற்சில்லை மாத்தும்.”

“மாத்த ஏலாது.”

“ஏன் ஏலாது? சின்னதாப் போட்டா இந்தச் சுழல் நிக்கும்தானே?”

“நிக்கும். ஆனா பேந்து நீங்கள் பழைய பாரத்துக்கு வந்தா வண்டி இழுக்காது. பெல்ட் புகைக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று தெரிந்துகொண்டே பொய் சொல்லும்போது பார்ப்போமே, அப்படி.

“நான் பழைய பாரத்துக்கு வரமாட்டன் ஐசே. இப்ப இருக்கிற ஆளுக்கு மெசினைச் சரியாக்கித் தாரும். ஒரே ஒருக்கா அது எனக்குச் சரியா ஓட வேணும். உம்மைத் தவிர ஆர் அதைச் செய்வினம்?”

முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஞாயிறு கோபித்துக்கொண்டு வானை எடுக்கவில்லை. அவர் வந்தார். கராஜில் கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து, நான் ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகடாகவே இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது வண்டிக்காக இல்லை. தகடு என்றால் போனது திரும்பி வரும் என்று அர்த்தம். பற்சில்லை மாற்றினால், வராது என்று நானே என் கையால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவரும் அதை அறிந்தே கேட்டார். தன் உடம்பின் உண்மையை அவருடைய ஆட்களில் ஒருவராவது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார் போல. அதற்குத்தான் என்னிடம் வந்து நின்றார்.

மூன்றாவது ஞாயிறு வீட்டிலிருந்து எடை பார்க்கும் மெசினைக் கொண்டுவந்து கராஜ் தரையில் வைத்தேன். அவர் ஏறி நின்றார். சமநிலைக்காக என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் பாரம் சரியாகக் காட்டாது, விடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் கையை எடுத்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்தேன். அது எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன்.

அதற்கேற்ற பற்சில்லு மூன்று பல் குறைந்தது. பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, மிச்சமான செயினில் கண்ணிகளை நீக்கி இழுத்துக் கட்டினேன். சுலபமான வேலை. ஆனால் கைவிளக்கு என் கண்ணுக்கு மங்கிக்கொண்டே இருந்தது. அண்ணை விளக்கைப் பிடித்தபடி, கடையில் வேலைசெய்த ஒரு பெடியன் கோழி இறைச்சி என்று நினைத்து ஐஸ்கட்டியை நிறுத்துக் கொடுத்த பழைய கதையைச் சொன்னார். அந்தக் கதையை நூறு தரம் கேட்டிருப்பேன். சிரித்தேன்.

அண்ணை அடுத்த மாரி முடியுமுன் போய்விட்டார். செத்தவீட்டில் சனம் அலைமோதியது. ஒருவர் மாறி ஒருவர் எழும்பிப் பேசினார்கள். கடையைப் பற்றி, கோயில் தொண்டைப் பற்றி, பிள்ளைகளைப் படிப்பித்ததைப் பற்றி. புல்வெட்டியைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் கடைசி வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாக, “நீங்கள் கடையில வேலை செய்தனீங்களோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். வேறு என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து மனைவிக்குப் படம் அனுப்பினேன். சனம் நல்லா வந்திருக்கு என்று அவள் எழுதினாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி விடுகிறேன். எழும்பி என்ன செய்வதென்று தெரிவதில்லை. கராஜுக்குள் போய் இருந்துவிட்டு வருவேன். தனிமை என்பதற்கு நான் பழகிவிட்டேன் என்று முன்பு நினைத்தேனே, அது பச்சைப் பொய். அப்போது எனக்கு வாரத்தில் ஒரு நாள் ஆள் இருந்தது.

ஆனால் அந்த ஓட்டத்தை மட்டும் நான் யாருக்காவது சொல்ல வேண்டும். பற்சில்லை மாற்றியபின் வந்த பந்தயம், அண்ணை ஓடிய கடைசிப் பந்தயம். முதல் நாள் தூறியிருந்தது. வயல் ஈரமாக இருந்தது, சில்லு சுழல்வதற்கு இதைவிட நல்ல நிலம் வேண்டாம். அண்ணையை இருக்கையில் ஏற்றி, விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை அவருடைய மணிக்கட்டில் கட்டிவிட்டேன். மணிக்கட்டில் கயிறு இரண்டு சுற்று வந்தது. “போட்டு வாறன்” என்றார், கடைக்குப் போகிறவர் மாதிரி.

கயிற்று வேலியோரம் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில், எங்களைப் போலவே வயலுக்கு வயல் வரும், வேறு பிரிவில் ஓடும் ஒரு வெள்ளைக்காரன் நின்றான். கூரை வேலை செய்கிறவன், நல்ல பாரமான ஆள். அவனுடைய பிரிவு ஓடி முடிந்திருந்தது. கொடி விழுந்தது. வண்டிகள் புறப்பட்டு முதல் வளைவை நோக்கிப் போயின. அந்த நேரத்தில் நான் என்ன வேண்டினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வண்டி இழுக்காமல் முக்க வேண்டும், பெல்ட் புகைய வேண்டும் என்று வேண்டினேன். என் அளவு பிழையாகிப்போக வேண்டும், எடை மெசின் பொய் சொல்லியிருக்க வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் அண்ணை என்னைத் திட்ட வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலை பிழையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முன்னால் போன இரண்டு வண்டிகளின் சில்லுகளும் ஈர மண்ணில் சுழன்று சேற்றை வாரி எறிந்தன. அண்ணையின் வண்டி வளைவுக்குள் போனது. வெளியே வந்தது. பெல்ட் புகையவில்லை, ஒரு துளி மண் எழவில்லை. நிலத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நேராகப் பாய்ந்து, அந்த இரண்டையும் நீட்டு ஓட்டத்தில் கடந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. நாங்கள் வண்டி பூட்டத் தொடங்கிய நாளிலிருந்து அது அப்படி ஓடியதில்லை. அண்ணை எங்களைக் கடந்தபோது ஒரு கையை உயர்த்தினார். ஹெல்மெட்டுக்குள் சிரித்திருப்பார்.

கூரைக்காரன் என் தோளில் அடித்தான். “அருமையான கியர். எத்தனை பல் போட்டிருக்கிறாய்? நானும் அதையே போடப்போகிறேன்” என்றான்.

“உனக்கு அது சரிவராது” என்றேன்.

“ஏன் சரிவராது?”

“நீ சுகமாக இருக்கிறாய்” என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து, அவன் தன் வயிற்றைத் தட்டிப் பெரிதாகச் சிரித்தான். அண்ணை மறுபடியும் வளைவுக்கு வந்துகொண்டிருந்தார். நான் வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் பார்க்கிறானே என்ற வெட்கம் இல்லாமல் அழுதேன்.